மருமகளின் மோசக் கட்டு

என் மருமகளைப் பற்றி நான் ஓயாமல் பெருமையடித்துக்கொள்கிறேன் என்று மாடி வீட்டுக்காரி சொல்லித் திரிகிறாளாம். ஆமாம், அடித்துக்கொள்கிறேன். மாமியார் குறை சொன்னால் நாற்காலி போட்டுக் கேட்கிறவர்களுக்குப் புகழ்ந்தால் மட்டும் ஏன் வயிறு எரிகிறது?

தெருமுனையில் எங்கள் கடை. ஒரு பாதியில் என் மகன் துணி தேய்க்கிறான். மறு பாதியில் மருமகள் அலுவலகங்களுக்கு ஸ்கேனர் விற்கிறாள், ரிப்பேரும் பார்க்கிறாள். போன வருஷம் அவள் பக்கம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. "போன்லயே எல்லாரும் படம் புடிச்சு அனுப்பிடறாங்க. இனிமே இத யாரு வாங்குவா?" என்று மகன் தினமும் ஆரம்பித்துவிடுவான். அந்தப் பாதியில் போன் உறை விற்க வேண்டும் என்பது அவன் கனவு.

"ஒரு தாளுக்குப் போன் போதும். ஒரு ரூம் நெறைய தாள் இருந்தா என்ன பண்ணுவாங்க?" என்பாள் அவள். "எல்லா ஆபீசும் இப்ப காகிதத்த ஒழிக்கணும்னு நிக்குது. ஒழிக்கிறதுக்கு முன்னாடி அத கம்ப்யூட்டர்ல ஏத்தியாகணும்ல? முன்ன மாதிரி மூலையில ஒரு பெரிய மெஷின் கேக்க மாட்டாங்க. ஆளுக்கொரு சின்ன மெஷின், மேசை மேலயே கேப்பாங்க. பாருங்க."

"எல்லாத்தையும் ஏத்தி முடிச்சப்புறம்?" என்று நானும் குறுக்கே விழுந்தேன்.

"காகிதத்தத் தூக்கிட்டு வர்ற சனம் நிக்கவா போகுது அத்தை?"

எனக்கு அது சரியென்றுதான் பட்டது. ஆனால் கடை வாடகைக்கு நியாயம் தெரியாதே. கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் புது ஸ்கேனர்கள் வாங்கப் போகிறார்கள். அந்த ஆர்டர் கிடைத்தால் கடையின் அந்தப் பாதி அவளுக்கு, கிடைக்காவிட்டால் போன் உறைக்கு. என் சீமந்த புத்திரன் அவசரக்குடுக்கை. முடிவு தெரிவதற்கு முன்பே போன் உறைக்குப் பலகை எழுதி வாங்கி, கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டான்.

மருமகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மற்றவர்கள் மொடமொடவென்று புதுத் தாளைப் போட்டு மெஷினை ஓட்டிக் காட்டுவார்கள். இவள் மோசக் கட்டு என்று ஒன்று வைத்திருப்பாள். நாலாய் மடித்தது, டீ கொட்டினது, ஓரம் கிழிந்தது, கடை மெஷினில் வரும், சூடு பட்டால் கறுத்துப்போகும் வழவழப் பில், எல்லாம் அதில் இருக்கும். "நல்ல தாள எந்த மெஷினும் இழுக்கும் அத்தை" என்பாள்.

காப்பீட்டு அலுவலகத்தில் ஓட்டிக் காட்டும் நாளன்று மெஷினை அவள் தூக்கிக்கொள்ள, பையை நான் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய கம்பெனிப் பையன் திரையில் படம் போட்டு, ஸ்கேனர் விற்பனை வருஷா வருஷம் எப்படி ஏறுகிறது என்று அழகாகச் சொன்னான். ஆர்டர் இவனுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். இவளோ என் காதில், "அவர் சொல்றது நெசம் அத்தை. அத நம்பித்தான நானும் உக்காந்திருக்கேன்" என்றாள்.

எங்கள் முறை வந்தது. அவள் கட்டைப் பிரித்தாள். பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு தாளில்கூடச் சுருக்கம் இல்லை, மடிப்பு இல்லை. பில்கள் எல்லாம் கரிக்கட்டையாய்க் கறுத்திருந்தன.

எனக்குப் புரிந்துவிட்டது. பெண்டாட்டி பெரிய இடத்துக்குக் கசங்கின காகிதத்தோடு போகிறாளே என்று பாசம் பொங்கி, என் மகன் கட்டு முழுவதையும் இஸ்திரி போட்டு வைத்திருக்கிறான். பலகை எழுதினவனும் அவன்தான், தேய்த்துக் கொடுத்தவனும் அவன்தான். இவனை என்னவென்று சொல்ல?

அவள் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு அலுவலகத் தலைவரைப் பார்த்து, "சார், என் வீட்டுக்காரர் பாசத்துல எல்லாத்தையும் தேச்சுட்டாரு. உங்ககிட்ட இருக்கறதுலயே மோசமான தாளுங்கள எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றாள். அறையே சிரித்தது. பழைய கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஓடிப்போய் ஒரு கட்டைத் தூக்கி வந்தார். அப்பளம் மாதிரி நொறுங்கும் தாள்கள்.

மெஷின் இழுத்தது. மேலும் இழுத்தது. பாதியில் கறக்கென்று ஒன்று சிக்கிக்கொண்டது. போச்சு, கடை போச்சு என்று நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் மெஷினைத் தொடவே இல்லை. "அக்கா, நீங்க வாங்க. இந்த மூடியத் தூக்குங்க. தாள உங்க பக்கமா மெதுவா இழுங்க. இப்ப மூடுங்க" என்றாள். அந்த அம்மாள் அப்படியே செய்தார். தாள் கிழியாமல் வந்தது, மெஷின் விட்ட இடத்திலிருந்து ஓடியது.

"சிக்கவே சிக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன் சார். சிக்கினா என்னைத் தேட வேணாம், அவங்களே எடுத்துடுவாங்க. அதுக்கும் மேல ஏதாவது ஆச்சுன்னா நான் வருவேன்."

தலைவர் அவளைப் பார்க்காமல் அந்த அம்மாளைப் பார்த்தார். "எனக்கு இதுதான் வேணும் சார்" என்றார் அந்த அம்மாள். மேசைக்கு ஒன்றாக அத்தனைக்கும் ஆர்டர். நான் அங்கேயே அழுதுவிட்டேன், வெட்கமென்ன?

கடைக்கு வந்து மகனிடம் விஷயத்தைச் சொன்னோம். கதவுக்குப் பின்னாலிருந்த பலகையை எடுத்தான். எழுத்து கீழே போகும்படி தேய்க்கிற மேசையில் போட்டு, மேலே கம்பளியை விரித்தான்.

"அடுத்த ஆபீசுக்கு எந்தப் புடவை கட்டிட்டுப் போற? குடு, தேச்சுத் தரேன்" என்றான். மோசக் கட்டை நான் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் அவள் புடவையை எடுத்துக் கொடுத்தாள்.