கூண்டுக்குள் போன கதவுக்காரர்

பந்தய மைதானத்தில் வேலை பார்க்கிறவருக்கு எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று தெரியாமலா இருக்கும் என்பது தெருவின் கணக்கு. அதனால் கதவுக்காரர் முடிவெட்டிக்கொள்ளப் போனால் கத்தரிக்கு முன்னால் கேள்விதான் காதருகே வரும்.

"அண்ணே, நாளைக்கு எதுண்ணே வரும்?"

"எது உள்ள போகும்னு கேளு, சொல்றேன். வெளிய ஓடினப்புறம் அது யாரோ, நான் யாரோ."

அவர் பொய் சொல்லவில்லை. ஓட்டம் தொடங்கும் இரும்புக் கூண்டுகளுக்குள் குதிரைகளை ஏற்றிப் பின்கதவைச் சாத்துவதுதான் அவர் வேலை. முன்கதவுகள் திறந்ததும் அவருக்குத் தெரிவதெல்லாம் வால்களும் புழுதியும்தான். முடிகிற இடம் மைதானத்தின் மறுகோடியில். லீவு நாளில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். ஆயுசு முழுக்கப் பந்தயத்திலேயே கிடந்தும் ஒரு பந்தயத்தின் முடிவைக்கூடப் பார்க்காத மனிதர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அவர் சேர்ந்த புதிதில் கூண்டு கிடையாது. அதற்கும் முந்தைய ஆட்கள் கொடி அசைத்தே ஓட்டத்தைத் தொடங்கினார்கள். ஒரு குதிரை கொடிக்கு முன்பே கிளம்பிவிடும், இன்னொன்று திரும்பி நின்று புல் மேயும். மேய்ந்த குதிரைமேல் பணம் கட்டியவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவான். போகிற வழியில் அதிகாரி வீட்டு ஜன்னலுக்கு ஒரு கல்லும் விட்டுவிட்டுப் போவான். அந்தத் தகராறு ஓயத்தான் குறுக்கே கயிறு கட்டினார்கள். அதைச் சுண்டி மேலே தூக்கிவிடுவது இவருடைய முதல் வேலை. பிறகு கூண்டு வந்தது. பிழைப்பு போச்சு என்று மனைவி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தபோது, கயிறு இழுத்த கைக்குக் கதவு சாத்தும் வேலை கிடைத்தது.

கூண்டுக்குள் குதிரையை முன்னால் நின்று கூட்டிப்போகவும் ஆள் வேண்டும். இவரும் அப்படிப் போனவர்தான். ஒருமுறை உள்ளே மிரண்ட குதிரை ஒன்று இவரைப் பக்கத் தடுப்போடு வைத்து நசுக்கி இடுப்பெலும்பை முறித்துவிட்டது. தேறி வந்தவர் அதன்பின் கூண்டுக்குள் கால் வைத்ததில்லை. பின்னால் நின்று தள்ளுவதோடு சரி. கூட்டாளிகள் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள், நல்ல மனிதர்கள்.

அவர் மகள் பந்தயக் குதிரை ஓட்டக் கற்றுத் தேறியிருந்தாள். ஆனால் பெண்பிள்ளையை நம்பி நல்ல குதிரையைக் கொடுக்க ஒரு முதலாளிக்கும் மனசு வரவில்லை. கிடைத்தது ஒன்றே ஒன்று. லாயத்தில் அதை 'முரண்டு' என்றே கூப்பிட்டார்கள். ஓட்டத்தில் குறையே சொல்ல முடியாது, கூண்டைக் கண்டால்தான் ஆணியடித்தாற்போல் நின்றுவிடும். இன்னொரு தடவை உள்ளே போக மறுத்தால் இனி எந்தப் பந்தயத்திலும் அதற்கு இடமில்லை என்று அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குதிரை போனால் மகளும் வீட்டில்தான். ஒரு விசேஷம், காலையில் கதவுக்காரர் லாயத்துக்குப் போனால் மட்டும் முரண்டு அவர் சட்டையை மோந்துகொண்டு பின்னாலேயே நடக்கும்.

அந்த நாளும் வந்தது. மற்றக் குதிரைகள் எல்லாம் உள்ளே போய்விட்டன. முரண்டு வாசலில் நின்றது. கதவுக்காரரும் கூட்டாளிகளும் கைகோத்துப் பின்னாலிருந்து தோள் கொடுத்துத் தள்ளினார்கள். அது அவர்கள்மேல் சாய்ந்து உட்காரப் பார்த்ததே தவிர நகரவில்லை. தூரத்தில் பணம் கட்டியவர்கள் ஊளையிட ஆரம்பித்தார்கள். அதிகாரி, குதிரையை வெளியே கொண்டுபோகச் சொல்லக் கையைத் தூக்கப் போனார்.

மகள் சேணத்திலிருந்து குனிந்தாள். "அப்பா, தள்ளாதீங்க. முன்னால போங்க. அது உங்க பின்னால வரும்."

"என்னால முடியாதும்மா."

"தெரியும்ப்பா. இருந்தாலும் போங்க."

தோளை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "ஒரு நிமிஷம் சார்," என்று அதிகாரியிடம் கெஞ்சினார். முன்கதவைத் திறந்துவைத்தார்கள். முரண்டின் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். பக்கத் தடுப்பில் அதே தோல் மெத்தை, அதே இரும்பு வாடை. இடுப்பு சில்லிட்டது. திரும்பிப் பார்த்தால் ஓடிவிடுவோம் என்று தெரிந்ததால் பார்க்கவில்லை. பின்கழுத்தில் சூடாக மூச்சுப் பட்டது. சட்டைக் காலரை ஒரு மூக்கு மோந்தது.

அவர் கயிற்றைக் கழற்றிக்கொண்டு முன்வாசல் வழியே வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் கதவைச் சாத்தினார்கள். "ஓரமா போய்யா," என்று அதிகாரி கத்தினார். நொண்டிக்கொண்டே போய் ஓரத் தடுப்பைக் குனிந்து கடந்தார். கூட்டிப்போன காலத்திலும் வெளியே வந்ததும் பின்பக்கம் ஓடிவிடுவார்; கதவு திறக்கும்போது கூண்டுகளுக்கு முன்பக்கம் அவர் இப்படி நின்றதே இல்லை. மணி அடித்தது. கதவுகள் படாரென்று திறந்தன. இத்தனை வருஷமும் வாலாகப் பார்த்த கூட்டம் முகமாக வந்தது. நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு, பிடரிமேல் குனிந்தபடி, அவர் பெற்ற பெண். கண்ணில் நீர் பொங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் எல்லாம் வழக்கம்போல் வாலாகிவிட்டன.

"தேவலையே. அடுத்த பந்தயத்துக்கும் அதைக் கொண்டாரச் சொல்லு," என்றார் அதிகாரி.

மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்ததுமே முடிவெட்டுபவர் பிடித்துக்கொண்டார். "பொண்ணு ஜெயிச்சாளாண்ணே?"

"நாலாவதா வந்தா."

"ப்ச். அப்புறம் எதுக்கு இப்படி வாய் கொள்ளாம சிரிக்கிறீங்க? ஆடாதீங்க, காது போயிடும்."

"மூஞ்சியப் பாத்தேன்டா," என்றார் கதவுக்காரர்.