முந்நூற்று நாற்பத்திரண்டாம் நாள்

உங்கள் பக்கத்தில் நின்று வேலை செய்பவரின் விரல்கள் இயந்திரத்தில் நசுங்கிவிட்டால், அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நீங்கள் எவ்வளவு நேரம் எடுப்பீர்கள்?

உடனே என்றுதானே சொல்கிறீர்கள். கஜந்தியிடம் போன வருடம் கேட்டிருந்தால் அவளும் அதையே சொல்லியிருப்பாள். அவள் எடுத்தது ஐந்தேகால் மணி நேரம். ஆஸ்பத்திரி முச்சக்கரவண்டியில் இருபது நிமிடத் தூரம். அந்த ஐந்தேகால் மணி நேரமும் அவள் காயம்பட்ட கையை உயர்த்திப் பிடித்தபடி பக்கத்திலேயே இருந்தாள். கதவு திறந்துதான் கிடந்தது. போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

கஜந்திக்கு முப்பத்தாறு வயது. உப்புவெளியில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். உயர்தரத்தில் வர்த்தகம் படித்தாள். ஒரு விருந்தினர் விடுதியின் வரவேற்பு மேசையில் நான்கு வருடம் இருந்தாள். வெள்ளைக்காரர் வராத காலத்தில் அந்த வேலை போனபின், உள்துறைமுகக் கரையில் இருக்கும் தீவனக் களஞ்சியத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தாள். கப்பலில் வந்திறங்கும் சோளத்தை அரைத்துக் கோழித்தீவனமாக மூட்டை கட்டி அனுப்புகிற இடம் அது. அறுபத்து மூன்று பேர் வேலை செய்கிறார்கள். அவள் கணவன் இராகுலன் கந்தளாய் பஸ்ஸில் கொண்டக்டர். மகள் தரம் ஒன்பதில் படிக்கிறாள்.

இரண்டு வருடத்துக்கு முன் சோமசேகரம் என்பவர் களஞ்சியத்துக்கு முகாமையாளராக வந்தார். வயது நாற்பது. கொழும்பில் ஏதோ பயிற்சி முடித்து வந்திருந்தார். முதல் கூட்டத்திலேயே கதிரையை விட்டு எழும்பி எல்லோருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"இனி இங்கை சேர் இல்லை, மிஸ் இல்லை. நான் உங்கட அண்ணா. கம்பெனி எண்டதை மறந்திடுங்கோ. இது எங்கட குடும்பம்."

பின்வரிசையில் இருந்த இராசமலர் கஜந்தியின் காதுக்குள் சொன்னார்: "என்ரை கடைசித் தம்பியிலும் ஆறு வயசு இளசு. அண்ணாவாம். அடுத்த கிழமை பெரியப்பா எண்டு கூப்பிடச் சொல்லுவார் போல."

இராசமலருக்கு ஐம்பத்திரண்டு வயது. பெல்ட்டில் வரும் மூட்டைகளின் வாயைத் தைக்கும் வேலை அவருடையது. சிரிப்பை அடக்க முடியாமல் இருவரும் குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் நடித்தார்கள்.

ஆனால் மூன்று மாதத்தில் எல்லோர் வாயிலும் அண்ணா ஒட்டிக்கொண்டது. அதன் பலன் பிறகுதான் தெரிந்தது. சேரிடம் லீவு கேட்கலாம். அது உரிமை. அண்ணாவிடம் கேட்டால், "வீட்டிலை இவ்வளவு வேலை கிடக்க நீங்கள் போறியளோ தங்கச்சி?" என்று முகத்தை வாட்டிக்கொள்வார். சேரைப் பற்றி மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதலாம். அண்ணாவைப் பற்றி எழுதுகிறவள் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தவள். சம்பளத்துக்கு வேலை செய்ய வந்தவர்களிடம் பாசத்தைக் கட்டாயமாக வாங்குவது எவ்வளவு பெரிய மோசடி என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய வார்த்தையே அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

வாசலில் ஒரு பச்சைப் பலகை நிறுத்தப்பட்டது. 'விபத்தில்லா நாட்கள்' என்று மேலே எழுதி, கீழே மூன்று கொளுக்கி. காலையில் தகரத்தில் அடித்த இலக்கங்களை அதில் மாட்டுவது கஜந்தியின் வேலை. விபத்துப் புத்தகத்தில் எழுதுவதும் அவள்தான். மாட்டியதும் படம் எடுத்து 'எங்கட குடும்பம்' என்ற வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். உடனே அறுபத்து மூன்று பேரும் கட்டைவிரல் போட வேண்டும். கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லைதான். ஆனால் பத்து நிமிடத்துக்குள் போடாதவருக்கு அண்ணாவிடமிருந்து தனியாக வரும்: "சுகமா இருக்கிறியளோ? ஏன் ஒதுங்கி இருக்கிறியள்?"

முந்நூற்று அறுபத்தைந்தைத் தொட்டால் எல்லோருக்கும் குடும்பத்தோடு நுவரெலியாப் பயணம். நடுவில் ஒரு விபத்து நடந்தால் பலகை பூச்சியத்திலிருந்து தொடங்கும். விபத்தைக் குறைப்பதற்கு வைத்த பலகை என்றார்கள். காயப்பட்டவரை மற்ற அறுபத்திரண்டு பேருக்கும் எதிரியாக்குகிற பலகை அது.

முந்நூற்று நாற்பத்தொன்று தொங்கிய செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, இராசமலரின் வலது கை உறையைப் பெல்ட் இழுத்தது. இரண்டு விரல்கள் உருளைக்குள் போயின. அந்த இடத்தை மறைக்க ஒரு தகட்டு மூடி இருந்தது. ஈரமான சோளத்தூள் அதற்குள் கட்டிபட்டு நிற்கிறது, அரை மணிக்கொருக்கால் கழற்றித் துப்புரவாக்கினால் மூட்டைக்கணக்குக் குறைகிறது என்று, வரிசைப் பொறுப்பாளன் சஜீத் மூன்று கிழமைக்கு முன் மூடியைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டான். எல்லோரும் பார்த்தார்கள். எவரும் கதைக்கவில்லை.

கஜந்தி ஓடிப்போய் இராசமலரைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டி வந்து துணி சுற்றினாள். முச்சக்கரவண்டிக்கு அழைக்கப் போனை எடுத்தபோது சஜீத் வந்து நின்றான். அவன் முகமும் வெளிறித்தான் இருந்தது.

"அக்கா, இப்ப போனால் ஆஸ்பத்திரிச் சீட்டிலை வேலை நேரம் எண்டு விழும். நாலு மணிக்கு வேலை முடியுதுதானே."

சோமசேகரம் வந்தார். நிலத்தில் குந்தி இராசமலரின் தலையைத் தடவினார்.

"மலரக்கா, பயப்படாதேங்கோ. இது எங்கட வீட்டு விசயம். எல்லாரும் பார்த்துச் செய்யுங்கோ, என்ன?"

கஜந்தி போனைக் கையில் வைத்தபடி இராசமலரைப் பார்த்தாள். அவராவது போவோம் என்று சொல்லமாட்டாரா என்று இருந்தது. இராசமலர் பற்களைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "இரு பிள்ளை. என்னாலை பலகை விழுந்தது எண்டு வரவேண்டாம். எல்லாற்றை பிள்ளையளும் குளிர் உடுப்பு எடுத்து வைச்சிருக்குதுகள்."

போன் மேசைக்குப் போனது. இரண்டு பனடோல், பிளேன்ரீ, இன்னும் ஒரு துணி, அதற்குமேல் இன்னும் ஒன்று. இரண்டு மணிக்குப் பிறகு இராசமலர் கதைப்பதை நிறுத்திவிட்டார். கஜந்தி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஆனால் எழும்பவில்லை.

நான்கு முப்பத்தைந்துக்கு வைத்தியர் துணியை அவிழ்த்தார்.

"எப்படி நடந்தது?"

"வீட்டு இரும்புக் கேற்றுக்குள்ளை அகப்பட்டது, டொக்டர்."

"எத்தினை மணிக்கு?"

"இப்பதான். நாலேகாலுக்கு."

சொன்னது கஜந்திதான். கறுத்துக் காய்ந்திருந்த இரத்தத்தை வைத்தியர் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் சொன்னதை எழுதிக்கொண்டார். இரண்டு விரல்களும் நடு மூட்டோடு எடுக்கப்பட்டன. நேரத்துக்கு வந்திருந்தால் ஒன்றையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள்.

மறுநாள் காலை கஜந்தி ஒன்றைக் கழற்றி இரண்டை மாட்டினாள். முந்நூற்று நாற்பத்திரண்டு. படம் எடுத்துப் போட்டாள். கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. அவற்றில் ஒன்று இராசமலருடையது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, பத்து நிமிடத்துக்குள், இடது கையால்.

அதைப் பார்த்த பிறகுதான் கஜந்திக்குப் பயம் பிடித்தது. இராசமலரின் இடத்தில் பிரசாந்தியை இருத்தினார்கள். சல்லிக் கிராமத்திலிருந்து வரும் இருபத்திரண்டு வயதுப் பெண். மூடி இன்னும் சுவரில்தான் சாய்ந்திருந்தது. விபத்தே நடக்காத இயந்திரத்துக்கு எதற்கு மூடி? கஜந்தியின் மேசைக்குப் பெல்ட் ஓடும் சத்தம் கேட்கும். மூட்டை சரிந்து சத்தம் ஒரு கணம் மாறினாலும் அவள் பேனை நின்றுவிடும். அண்ணாவிடமிருந்து செய்திகள் வரத் தொடங்கின. "தங்கச்சி, முகம் வாடியிருக்கு." "அண்ணாட்டை எதையோ மறைக்கிறியள்." வீட்டுக்கு வந்ததும் போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"போனைச் சிறை வைக்கிற ஆளை இப்பதான் பாக்கிறன்," என்றான் இராகுலன். "கடிக்குமோ அது?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிப்பு நின்றது. வெகுநேரம் ரிக்கற் மெசினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நான் புத்தகத்திலை எழுதும் எண்டும் சொல்லமாட்டன், வேண்டாம் எண்டும் சொல்லமாட்டன். ஆனால் டொக்டரிட்டைப் பொய் சொன்னது சோமசேகரம் இல்லை. நீர்."

முந்நூற்று ஐம்பத்தொன்று தொங்கிய நாள் பிற்பகல் பெல்ட்டின் சத்தம் நின்றது. கஜந்தி எழும்பவில்லை. சிறிது நேரத்தில் பிரசாந்தி தானே அவள் மேசைக்கு வந்தாள். இரண்டு கைகளும் முழுதாக இருந்தன. கையில் சுருட்டிய துணி. சால்வையின் பாதி.

"மற்றப் பாதியைப் பெல்ட் திண்டிட்டுது அக்கா," என்று சிரித்தாள். கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "கழுத்திலை ஒரு சின்னக் கீறல்தான். எழுதாதேங்கோ எண்டு சொல்ல வந்தனான்."

"யார் உன்னை அனுப்பினது?"

"ஒருத்தரும் இல்லை. நானாத்தான் வந்தனான்."

சால்வை கிழியாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கஜந்தி அவளிடம் கேட்கவில்லை. அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அரை மணி முந்தி வந்தாள். பூச்சியத்தை மாட்டத்தான் முதலில் நினைத்தாள். பிறகு கணக்குப் பார்த்தாள். இராசமலரின் விரல்கள் போய்ப் பதினொரு நாள். கோபத்திலோ பயத்திலோ இலக்கத்தை மாற்ற முடியாது. உள்ளது இதுதான். முதல் கொளுக்கியை வெறுமையாக விட்டு, இரண்டு ஒன்றுகளை மாட்டினாள். விபத்துப் புத்தகத்தில் எழுதினாள்: காலை 11.20, பெல்ட் மூடி இல்லை, வலது கை இரண்டு விரல்கள், ஆஸ்பத்திரிக்குச் சேர்த்தது மாலை 4.35, தாமதித்தவர்களில் நானும் ஒருத்தி. பலகையையும் பக்கத்தையும் படம் எடுத்து, வழமைபோல் குழுவில் போட்டாள்.

ஒரு கட்டைவிரலும் வரவில்லை. பத்து நிமிடத்தில் அவள் குழுவிலிருந்து நீக்கப்பட்டாள்.

சோமசேகரம் சத்தம் போடவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "தங்கச்சி, நீங்கள் களைச்சுப் போனியள். வீட்டை போய் ஓய்வெடுங்கோ. குடும்பம் உங்களைப் பார்க்கும்." கடிதமும் கொடுத்தார். 'உங்கள் மனநலம் கருதி' என்று தொடங்கியது அது. விசரி என்று சொல்லாமல் சொல்லும் கடிதம். வெளியே போகும் வழியில் ஐந்து வருடம் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவர்கள் சுவரைப் பார்த்தார்கள். சஜீத் மட்டும் முணுமுணுத்தான்: "மூண்டு நாலு பேரிட்டைச் சொல்லி அழுதிருக்கலாம் அக்கா. பலகையிலையோ அழுறது?" வாசலைத் தாண்டித் திரும்பியபோது பலகை முந்நூற்று ஐம்பத்திரண்டு என்றது.

தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு எடுத்தார்கள். அதிகாரி நியாயமான கேள்விதான் கேட்டார்: ஆஸ்பத்திரிச் சீட்டில் வீட்டுக் கேற்று என்று இருக்கிறதே? அந்தப் பொய்யை இனி இராசமலர் வாயால்தான் மாற்ற முடியும்.

பத்து நாள் கழித்து, உண்மையான நேரத்தை எழுதிய வாக்குமூலத் தாளோடு கஜந்தி அவர் வீட்டுக்குப் போனாள். இராசமலர் தாளைப் பார்த்தார். பிறகு கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

"கையெழுத்து வைக்கிற கையைத்தானே பிள்ளை பெல்ட் எடுத்தது."

கஜந்தி தாளை மடித்து மடியில் வைத்தாள்.

"பலகை இப்ப எத்தினை?"

"முந்நூற்று அறுபத்திரண்டு அக்கா."

"பிரசாந்தி?"

"அங்கைதான் இருக்கிறாளாம். மூடி இன்னும் போடேல்லையாம்."

இராசமலர் குசினிப் பக்கம் பார்த்தார். அங்கே மருமகள் நுவரெலியாவுக்கு வாங்கிய குளிர்சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "அண்ணா நேற்றும் வந்தவர். அப்பிள் கொண்டந்தவர்," என்றார். பிறகு இடது கையை நீட்டினார். "மையைக் கொண்டா. இந்தப் பெருவிரல் காணும்தானே?"

விசாரணைக்கு அடுத்த மாதம் திகதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. கஜந்தி பஸ்ஸில் துறைமுகப் பக்கம் போனால் இப்போதும் காதைக் கூர்மையாக்கிக்கொள்கிறாள். அவ்வளவு தூரத்துக்குப் பெல்ட் சத்தம் கேட்காது. ஆனாலும் கேட்கப் பார்க்கிறாள்.

நீங்கள் இதை வாசிக்கும் இந்த நேரத்தில் பிரசாந்தி மூடியில்லாத பெல்ட்டின் முன் இருக்கிறாள். உங்கள் வேலைத்தலத்திலும் ஒரு பலகை தொங்கலாம், ஒரு மூடி சுவரில் சாய்ந்திருக்கலாம். நாளைக் காலை போய் முதலில் அதைப் பாருங்கள். மூடியைப் போடாமல் வேலை தொடங்க விடாதீர்கள். யாருக்காவது காயம் பட்டால் நான்கு மணிக்குக் காத்திராதீர்கள். உடனே கொண்டுபோங்கள். வைத்தியர் எத்தனை மணிக்கு என்று கேட்பார். உண்மையான நேரத்தைச் சொல்லுங்கள்.