வேணுமா, வேணாமா என்று கேட்ட ஏகாம்பரம்

ஏகாம்பரம் இறந்துபோன செய்தி என் மனைவி மூலமாகத்தான் எனக்கு வந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே பயிற்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் படித்தவர்கள் நாங்கள். அவர் பொன்னேரியில் கடை போட்டார், நான் கவரைப்பேட்டையில் போட்டேன். செய்தி முதலில் எனக்கல்லவா வந்திருக்க வேண்டும்? கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கும் சுமதிக்கு, அவள் ஆபீஸ் பெண்கள் சொல்லி, அவள் எனக்குப் போன் செய்தாள். "ஏகாம்பரம் அண்ணன் போய்ட்டாருங்க, மாரடைப்பாம்" என்று சொல்லிவிட்டு அழுதாள். என் அப்பா போனபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

பொன்னேரிக்குப் போனால் தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம். மார்க்கெட் வியாபாரிகள், சிப்காட் தொழிற்பேட்டை ஆட்கள், பழவேற்காட்டுப் பக்கத்து மீன்காரக் குடும்பங்கள். ஒரு சர்வீஸ் கடைக்காரருக்கா இத்தனை மாலை? நான் செத்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. சாவு வீட்டில் நினைக்கிற நினைப்பா இது என்று கேட்பீர்கள். நினைத்தேனே, என்ன செய்ய? அவரை அறிந்த உங்களிடம் மூடி மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? உயிரோடு இருந்தவரைக்கும் அவர்மேல் எனக்கு வயிற்றெரிச்சல். இன்னும் அடங்கியபாடில்லை. நேரில் வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம். எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்று வருகிறது, வந்துவிட்டுப் போகட்டும்.

தொழிலில் என்னைவிடக் கெட்டிக்காரரா என்றால், சத்தியமாக இல்லை. மதர்போர்டு பழுது மாதிரி நுணுக்கமான வேலை வந்தால் என்னிடம்தான் அனுப்புவார். என் கடையில் எதுவும் மளமளவென்று முடியும். வாடிக்கையாளர்களுக்குப் பாஸ்வேர்டு நானே போட்டுக் கொடுப்பேன், எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு: கடைப் பெயரும் அதன் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்றும். மறந்துவிட்டால் எனக்கு ஒரு போன் அடித்தால் போதும். ஜனங்களுக்கு அதுதான் வசதி என்று நினைத்தேன், இன்றைக்கும் அதைத்தான் நினைக்கிறேன்.

ஏகாம்பரம், பாஸ்வேர்டு போடும் நேரம் வந்தால், நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒருமுறை நான் அங்கே இருந்தபோது பழவேற்காட்டு மீனவப் பெண் ஒருத்தி தன் மகளுடைய லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். "நீயே எதுனா போட்டுக் குடு நைனா, எனக்கு இன்னா தெரியும்" என்றாள். "நான் போட்டா அது என் பொட்டியா பூடும்மா" என்று சொல்லிவிட்டு இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவள் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி முடிக்கும்வரை திரும்பவில்லை. "முதுகு காட்டி ஓடறவன கேள்விப்பட்டுக்கிறேன், முதுகு காட்டி சம்பாதிக்கறவன் நீதாம்பா" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

புது மெஷின் வாங்கினவர்களுக்குத் தெரியும். திறந்தவுடன் அது கேள்விமேல் கேள்வி கேட்கும். மெயில் கொடு, போன் நம்பர் கொடு, நீ இருக்கும் இடத்தைச் சொல், நீ செய்வதையெல்லாம் எங்களுக்கு அனுப்பலாமா என்று. என்னிடம் வந்தால் எல்லாவற்றுக்கும் 'சரி' அடித்து, டீ ஆறுவதற்குள் கையில் கொடுத்துவிடுவேன். ஏகாம்பரம் ஒவ்வொன்றையும் தமிழில் வாய்விட்டுச் சொல்லி, வேணுமா, வேணாமா என்று கேட்பார். எங்கள் பக்கத்து நெல் விவசாயி ஒருவர், அதுவரை என் வாடிக்கையாளர், அங்கே போய் உட்கார்ந்த கதையை என்னிடமே வந்து சொன்னார். "நீ எங்க கீறன்னு அதுக்குத் தெரியணுமாம், வேணுமா வேணாமா" என்று ஏகாம்பரம் கேட்டாராம். "அதுக்கு இன்னாத்துக்கு அது? வேணாம்" என்றாராம் இவர். இப்படி வரிசையாக வேணாம், வேணாம் என்று சொல்லிவிட்டு வந்தவர் முகத்தில் அப்படி ஒரு களை. தாலுகா ஆபீசில் ஆரம்பித்து மருமகன்வரை யாரும் அவரை எதையும் கேட்டுச் செய்ததில்லை போலிருக்கிறது. அதன்பிறகு என் கடையைத் தாண்டி ரயிலேறிப் பொன்னேரிக்குத்தான் போனார். எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

சில மெஷின் விடாது. கணக்குத் தொடங்கினால்தான் உள்ளே விடுவேன் என்று அடம்பிடிக்கும். அதற்கும் ஒரு சுற்றுவழியைத் தேடிக்கொண்டு மெனக்கெட்டு உட்கார்ந்திருப்பார். "காசு குடுத்து வாங்கனவன் தன் ஊட்டுக்குள்ள போவ கம்பெனிக்காரன் பர்மிஷன் இன்னாத்துக்கு?" என்பார். அந்த நேரத்தில் நான் இன்னும் நாலு மெஷின் பார்த்திருப்பேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். சுமதி வேலை பார்க்கும் கம்பெனியில், வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாளுக்கென்று, அவரவர் சொந்த லேப்டாப்பில் ஒரு மென்பொருளைப் போடச் சொன்னார்கள். திரையில் இருப்பதை அவ்வப்போது படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பும், கேமராவையும் திறந்து பார்க்கும். போடலாமா என்று சுமதி என்னைக் கேட்டாள். வேலைதான் முக்கியம் என்று சொல்லி நானே போட்டுக் கொடுத்தேன். மாதச் சம்பளம் வாங்குகிறவள் வீட்டில் எவனாயிருந்தாலும் அதைத்தான் செய்வான். கொஞ்ச நாளில் அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, என் கடைக்கு வராமல், பொன்னேரிக்குப் போய்விட்டாள். ஏகாம்பரம் அந்த மென்பொருளை நீக்கிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. உங்கள் வேலையைப் பார்க்க உங்கள் மெஷினைக் கொடுங்கள், அதில் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், இது என்னுடையது என்று ஆபீசில் சொல்லும்படி சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவள் போய் அப்படியே சொன்னாள். வேலை போயிற்று என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். பிரிவில் இருந்த பெண்கள் எல்லாரும் அதையே சொல்ல, கம்பெனியே ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து அவர் ஏகாம்பரம் அண்ணன் ஆனார். நான் வெறும் புருஷன்.

தப்பாக எண்ணிக்கொள்ளாதீர்கள். அப்படி ஏதாவது இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து ஒரு சண்டை போட்டு ஆறியிருப்பேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன் பெண்டாட்டி, தன் லேப்டாப்பை இன்னொரு கடையில் கொடுக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஊர் மரியாதையை விடுங்கள், அவள் அந்தப் பெட்டியை ஒருதரம் நம்பி என் கையில் கொடுத்தால் போதும் என்றிருந்தது. அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லையென்றால் என்னிடம் கொடுப்பதற்கு என்ன என்றேன். "அந்த ஒண்ணும் இல்லாததும் என்னோடதுதானே" என்றாள்.

பொன்னேரிக்கே போய் ஏகாம்பரத்திடம் கேட்டுவிட்டேன். "என் ஊட்டுக்காரி மெஷின்ல இன்னா பாத்த, சொல்லு" என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். டீ சொல்லிவிட்டு, "நான் எதுவும் பாக்கலப்பா. பாக்கமாட்டேன்னுதான் எங்கிட்ட வருது அது" என்றார். அந்த டீயை நான் குடிக்கவில்லை. அவர் சொன்னதில் பொய் இருந்திருந்தால்கூட நிம்மதியாகக் குடித்திருப்பேன்.

அவர் போய்ச் சில வாரத்தில் சுமதியின் லேப்டாப் கீபோர்டு கெட்டுப்போயிற்று. எழுத்து விழாமல் அவள் தட்டித் தட்டிப் பார்ப்பதைக் கண்டேன், என்னிடம் கொடுக்கவில்லை. மூடியபடி பீரோமேல் அது கிடந்தது. நானும் கேட்கவில்லை. இனி எங்கே போவாய், பார்க்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு கறுவல், வெட்கம்கெட்ட ஒரு சந்தோஷம். ஒரு சனிக்கிழமை, வீட்டில் கொடுக்காமல், கடைக்கே வந்தாள். மற்ற வாடிக்கையாளர்களைப் போல பெஞ்சில் உட்கார்ந்து முறை வந்ததும் மேஜைமேல் வைத்தாள். திருப்பிப் போட்டு அடிமூடியைக் கழற்றினேன்.

டிஸ்க் இருக்க வேண்டிய இடம் காலி. அவள் எழுதியது, எடுத்த படம், சேர்த்தது எல்லாம் இருப்பது அந்த விரல் நீளத் தகட்டில்தான். அது இல்லையென்றால் என் முன்னால் இருப்பது வெறும் தகரமும் பிளாஸ்டிக்கும்.

"எப்ப கழட்டின?" என்றேன்.

"ஏகாம்பரம் அண்ணன் சொல்லிக் குடுத்தாரு. வேற கடைக்குப் போனா இத கழட்டி ஊட்லயே வெச்சிட்டுப் போம்மான்னு."

வேற கடை. அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஆனாலும் திருத்திச் சொல்லவில்லை.

கீபோர்டை மாற்றிக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த டிஸ்க் வீட்டில் எங்கோ இருந்திருக்கிறது. நான் இருபது வருஷமாகக் குடியிருக்கும் வீடு, எனக்குத் தெரியாத மூலை அதில் எது? கடையைச் சாத்திவிட்டு அவளுக்கு முன்னால் போயிருந்தால் கையில் கிடைத்திருக்கும். போகவில்லை. கீபோர்டு வேலை முடிந்த பிறகும், வேண்டும்போது மாட்டிக்கொண்டு மற்ற நேரத்தில் அவள் அதைத் தனியாகத்தான் வைத்திருக்கிறாள் போலத் தெரிகிறது. நான் இதுவரைக்கும் தேடவில்லை. ஏகாம்பரத்திடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தத் தேடாமல் இருப்பது ஒன்றுதான். அதுவும் தினமும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.