கவுன்சிலருக்குக் கொடுத்த காசு

இன்சூரன்ஸ் கம்பெனியில் அவருக்குக் கொக்கி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. ஆஸ்பத்திரிச் செலவைத் திருப்பித் தாருங்கள் என்று ஜனங்கள் அனுப்பும் காகிதங்களைப் படித்து, கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு சொல்வது அவர் வேலை. கூடாது என்று சொல்வதில்தான் மனிதர் சூரர். எவ்வளவு ஒழுங்கான பில்லாக இருந்தாலும் ஒரு கொக்கி போட்டுவிடுவார். படியில் விழுந்து கால் முறிந்தவனிடம், அந்தக் கால் முன்னாலேயே கொஞ்சம் பலவீனமாக இருந்ததை ஏன் மறைத்தாய் என்று கேட்ட புண்ணியவான். மேலதிகாரிகளுக்கு அவர் செல்லப்பிள்ளை.

அப்பேர்ப்பட்டவரை ஒரு போன் சாய்த்துவிட்டது. புருஷனின் வைத்தியச் செலவுக்கு மனுப்போட்டிருந்த ஒரு அம்மாள் பேசினாள். கொக்கி வழக்கம்போல விதியைச் சொல்லி, கிடைக்காது என்றார். அவள் கத்தவில்லை, சபிக்கவில்லை. "சரிங்க சார், பொறுமையா எடுத்துச் சொன்னீங்க, ரொம்ப நன்றி" என்று வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை, அது அவருக்குப் பழக்கம். நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது? அன்றிலிருந்து ஆபீசில் போன் மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கை நடுங்கும். எழுந்துபோய்க் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இதய டாக்டரிடம் ரகசியமாகப் போனார். எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "உங்க இதயத்துல ஒண்ணுமே இல்ல சார்" என்றார் டாக்டர். ஆபீசில் கேட்டிருந்தால் இதைக் காசில்லாமலே சொல்லியிருப்பார்கள். "மனசுலதான் ஏதோ இருக்கு. ஒரு கவுன்சிலரைப் பாருங்க" என்று விலாசமும் கொடுத்தார்.

கம்பெனி தன் ஊழியர்களுக்குக் கொடுத்திருந்த பாலிசியிலேயே இந்த வைத்தியத்துக்கு இடம் இருந்தது. ஆனால் அதற்குப் போடும் மனு எங்கே வந்து விழும்? அவர் பிரிவிலேயே விழும். பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் அக்காவின் கண்ணில் பட்டால் போதும், ஊருக்குத் தமுக்கு அடித்த மாதிரிதான். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. மனசு சரியில்லாதவன் மறுத்த மனுக்கள் செல்லுமா என்று எவனாவது ஒருவன் கேட்டுவைத்தால், இத்தனை காலமும் போட்ட கொக்கியெல்லாம் கழன்றுவிடும். நாற்காலி அன்றைக்கே போய்விடும். அதனால் சொந்தக் காசில் பார்த்துக்கொள்வதென்று முடிவு செய்தார். ரசீது இல்லாத செலவை வாழ்நாளில் ஒப்புக்கொள்ளாத மனிதர், "ரசீது வேணுமா சார்?" என்று கவுன்சிலர் பெண் கேட்டபோது, "ஐயையோ, வேணாம்மா!" என்று பதறினார்.

அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது. ஒருநாள் வீட்டிலிருந்தே போன் செய்து, "கவுன்சிலர் மேடம்ங்களா? சனிக்கிழமை வரட்டுங்களா?" என்று கேட்டதுதான் வினை. மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அடுத்தவன் பிரேக்கை அமுக்குவதற்குள் அவள் கால் அமுக்கியிருக்கும்.

"கவுன்சிலரையா பாக்கப் போறீங்க? நம்ம வார்டு கவுன்சிலரையா? சொல்லவே இல்லையே! அப்படியே நம்ம தெரு சாக்கடை அடைச்சு நாறுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

வார்டு கவுன்சிலரும் பெண்தான். தேர்தலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போனவரைப் பிறகு ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆகவே கொக்கியின் பேச்சைச் சரிபார்க்கவும் வழியில்லை. அவர் பொய் சொல்லவில்லை, "ம்" என்றார், அவ்வளவுதான். உண்மையை மறைத்தல் என்று இதற்குப் பெயர். இதே காரணத்தை எழுதித்தான் எத்தனையோ பேரின் மனுவை அவர் திருப்பியிருக்கிறார்.

சேதி தெருவில் பரவியது. வாராவாரம் கவுன்சிலர் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிற மனிதர் என்றால் சும்மாவா? எதிர்வீட்டுத் தையல்காரர் தெருநாய் விஷயமாக மனு கொடுத்தார். மாடி வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் தெருவிளக்கு விஷயமாக இரண்டு பக்கம் எழுதி, எழுத்துப்பிழையையும் திருத்திக் கொடுத்தார். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக அந்த விளக்கு ஒருநாள் தானாகவே எரிந்துவிட்டது. அவ்வளவுதான், தெருவில் அவருக்கு வந்த மரியாதையைக் கேட்பானேன்!

மனுக்கட்டோடு போய் உட்கார்ந்தவரைக் கவுன்சிலர் பெண் பார்த்தாள். சின்ன வயசு, நிதானமான குரல்.

"கையில என்ன சார்?"

"சாக்கடைம்மா. அடைச்சு நிக்குது. ரொம்ப நாளா."

அவள் முகம் மலர்ந்தது. இத்தனை வாரமாக வாயையே திறக்காத ஆள், இன்றைக்குத்தான் மனசைத் திறக்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

"நல்லா சொன்னீங்க. அந்த அடைப்பை எந்த இடத்துல உணர்றீங்க?"

"மூணாவது வீட்டு வாசல்ல."

"உங்களுக்கு மூணு வயசு இருக்கும்போது வீட்டுல ஏதாவது நடந்துதா சார்?"

கொக்கிக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. சிரித்து முடித்த கையோடு, அந்த நன்றி சொன்ன அம்மாளைப் பற்றி முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார். அன்றைக்கு வீடு திரும்பும்போது மூச்சு கொஞ்சம் தாராளமாக வந்தது. இதை விடக்கூடாது, எப்படியாவது தொடர்ந்து போய்விட வேண்டும் என்று அப்போதுதான் அவருக்கு நிஜமாகவே ஆசை வந்தது.

ஆசைப்பட்ட நேரமா, என்ன நேரமோ! அடுத்த சனிக்கிழமை காலையில் அவர் நோட்டுகளைக் கவரில் போடுவதை மனைவி பார்த்துவிட்டாள்.

"யாருக்குங்க இவ்வளவு காசு?"

"கவுன்சிலருக்கு" என்று வாய் தவறி வந்துவிட்டது.

"காசா? ஒவ்வொரு வாரமுமா?"

"ம்."

"ரசீது?"

"வேணாம்னுட்டேன்."

அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "லஞ்சம்! என் வீட்டுக்காரர் லஞ்சம் கொடுக்கறார்! அதுவும் வாங்கித் தின்னுட்டு இன்னும் சாக்கடையை எடுக்கல. கொடுக்கறதுதான் கொடுக்கறீங்க, காரியமாவது ஆக வேணாமா? ஏறுங்க வண்டியில. அந்தம்மாவை நான் ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

உள்ளே போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். வழி நெடுக அவர் கெஞ்சினார். அவள் கியரை மாற்றுவதற்குத் தவிர வேறு எதற்கும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. டயர் கடைக்கு மேலே மாடி. கதவில் பலகை தொங்கியது. அதில் ஒரு பெயரும் அதற்குக் கீழே கவுன்சிலர் என்ற வார்த்தையும் மட்டும்தான் இருந்தன. அவளுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? மடமடவென்று உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏம்மா, வாராவாரம் என் வீட்டுக்காரர்கிட்ட காசு வாங்கறியே, அவருக்கு என்ன செஞ்சு கொடுத்தே?"

அந்தப் பெண் கொக்கியைப் பார்த்தாள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாதென்பது அவள் தொழில் தர்மம். "நான் எதுவும் செய்யறதில்லம்மா. கேட்டுக்கறேன்."

"கேட்டுக்கறதுக்கா காசு? நல்ல கதையா இருக்கே! எங்க தெரு வாத்தியார் எல்லாருக்கும் ஓசியிலயே கேட்டுக்கறாரே!"

இனி மூடி மறைக்க ஒன்றுமில்லை. கொக்கி கதவோரமாகவே நின்றுகொண்டு, தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். இது வேற கவுன்சிலர், எனக்கு ஆபீசில் மூச்சு முட்டுது, கை நடுங்குது, தெரிஞ்சா வேலை போயிடும், உனக்குத் தெரிஞ்சா மானம் போயிடும். அவ்வளவையும் ஒரே மூச்சில்.

மனைவி கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். அவளுடைய நாலு வளையல்.

"இது எதுக்கு?" என்றார் கொக்கி.

"லஞ்சம்னு சத்தம் போட்டேனே தவிர, நான் அப்படி நினைக்கலங்க. ராத்திரியெல்லாம் புரண்டு படுக்கறீங்க, சோத்துல கைய வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கீங்க, வாராவாரம் காசு வேற போகுது. எவளோ உங்களை எதையோ வெச்சு மிரட்டறான்னு நினைச்சேன். நீங்க என்ன தப்பு பண்ணியிருந்தாலும் சரி, இதை அவ மூஞ்சியில விட்டெறிஞ்சிட்டு உங்களைக் கூட்டிட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன்."

கொக்கி வாழ்நாளெல்லாம் காரணம் கேட்டே பிழைத்தவர். ஒரு காரணமும் கேட்காமல் ஒருத்தி வளையலைக் கழற்றிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"மூச்சு முட்டறப்ப என்ன பண்ணுவீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"கழிவறையில போய் உக்காந்துப்பேன்."

"தனியாவா?"

"பின்னே, கழிவறைக்குக் கூட்டமாவா போவாங்க?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. "இனிமே அங்க போனதும் எனக்குப் போன் போடுங்க. ஒண்ணும் பேச வேணாம். நானும் எதுவும் கேக்க மாட்டேன். மூச்சு விடற சத்தம் காதுல விழுந்தா போதும்."

கவுன்சிலர் பெண் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை மெல்ல நகர்த்தினாள். கொக்கி இரண்டை எடுத்து, ஒன்றை மனைவியிடம் கொடுத்து மற்றதால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் மூக்கைச் சிந்திவிட்டு, இன்னும் நாலைந்து காகிதத்தை உருவிக்கொண்டு, "இதுக்கும் சேத்துத்தானே காசு வாங்கறீங்க?" என்று கேட்டாள்.