உரக்க வாசிக்கச் சொன்ன வக்கீல்

பர் துபாயில் என் அறையின் ஏசி ஒழுகி, கட்டிலுக்கடியில் இருந்த புத்தகப் பெட்டி நனைந்துவிட்டது. பால்கனிக் கொடியில் துணிக்குப் பதில் புத்தகங்களைத் தொங்கவிட்டேன். எதிர்வீட்டு அம்மாள் சிரித்தார். சிரிக்கட்டும். ஈரக் காகிதமும் பசையும் கலந்த அந்த வாடை என்னைப் பல வருடம் முன்பு நான் வேலை பார்த்த, அபுதாபிக்கு மேற்கே பாலைவனத்தில் இருக்கும் ருவைஸுக்கு நேராகக் கொண்டுபோய்விட்டது.

அங்கே எண்ணெய் ஆலையில் வேலை எடுத்திருந்த ஒரு கம்பெனியில் கோப்பு அடுக்கும் குமாஸ்தாவாக இருந்தேன். ஊர் திரும்பிய அமெரிக்கப் பொறியாளர் ஒருவர் வீசிவிட்டுப் போன அட்டைப்பெட்டியில், இதே வாடையோடு ஒரு புத்தகம் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஓர் அமெரிக்கச் சிற்றூர் வக்கீலின் வாழ்க்கை. எந்தக் கிழமையில் எந்த வழக்குக்காகக் குதிரைவண்டி ஏறினார் என்பதுவரை அதில் இருந்தது. தேதிப் பைத்தியமான எனக்கு விருந்து. அவர் பெயர் எங்கள் தொழிலாளர் முகாம் அறையில் யார் வாயிலும் நுழையாததால் 'வக்கீல்' என்றே வைத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை பிரியாணிக்குப் பிறகு ஓர் அத்தியாயத்தைத் தமிழில் சொல்வேன். சாரம் கட்டும் செல்லையா அண்ணனும், முகாமில் மளிகைக்கடை வைத்திருந்த கீழக்கரை சிக்கந்தர் பாயும் தவறாமல் வருவார்கள். தேர்தலில் இரண்டு முறை தோற்ற வக்கீல், மூன்றாம் முறை வென்று சட்டமன்றம் போய், ரயில்வே கூலிகளுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு கேட்டு 'பில்' கொண்டுவந்தார் என்றேன்.

"பில்லா? மொத்தம் எவ்வளவாம்?" என்றார் பாய்.

"ஒங்களுக்குக் கடை நெனப்பு பாய். அது சட்டமாகுறதுக்கு முந்துன பேப்பரு" என்றேன்.

அந்த மசோதா நிறைவேறிய வெள்ளியன்று தட்டுகளைத் தட்டி ஆர்ப்பரித்தோம். பக்கத்து அறைப் பாகிஸ்தான்காரர் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டு ஓடிவந்தார்.

வக்கீலிடம் ஒரு வழக்கம் உண்டு. குரலை உயர்த்தவே மாட்டார். காகிதத்தை எதிராளி கையிலேயே கொடுத்து, "உரக்க வாசியுங்கள்" என்பார். அவ்வளவுதான்.

அந்த ஆண்டு செல்லையா அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. இரண்டு வருடம் முடிந்தால்தான் லீவு. வருகைப் பதிவேடும் லீவுக் கணக்கும் பார்க்கும் டைம்கீப்பர் கணக்கில் அது கல்யாணத்துக்கு ஆறு வாரம் கழித்து வந்தது. அண்ணன் நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவருடைய ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தேன். 'நாட்டில் வந்திறங்கிய நாள் முதல்' என்றிருந்தது. டைம்கீப்பரோ அவர் ருவைஸ் வந்த நாளிலிருந்து எண்ணியிருந்தார். அதற்கு முன் கம்பெனி அவரை அபுதாபி நகரத்தில் சாமான் போட்டுவைக்கும் யார்டில் மூன்று மாதம் வைத்திருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மறுநாள் இருவரும் டைம்கீப்பர் ஜன்னல் முன் வரிசையில் நின்றோம். மேலதிகாரியிடம் பேனா கேட்கவே மூன்று முறை ஒத்திகை பார்ப்பவன் நான்.

"அண்ணே, ஒங்களுக்கு இன்னும் டைம் ஆகல. டூட்டியப் பாருங்க" என்றார் டைம்கீப்பர்.

"சார், இந்த ஒரு வரிய மட்டும் கொஞ்சம் சத்தமா வாசிங்க" என்று தாளை நீட்டினேன்.

அலுப்போடு ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கியவர் பாதியில் நின்றார். விமான நிலைய முத்திரை விழுந்த பாஸ்போர்ட் நகலை அதன்மேல் வைத்தேன்.

"ருவைஸ் ஒரு நாடு இல்லியே சார்?" என்றார் செல்லையா அண்ணன், மிகப் பணிவாக.

வரிசை முழுக்கச் சிரித்தது. "கலாஸ், கலாஸ்! போதும், லீவு ஃபார்மக் குடுங்க" என்றார் டைம்கீப்பர். காதுவரை சிவந்திருந்தார்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் அண்ணன் விமானம் ஏறினார். அடுத்த வெள்ளி, பிரியாணி ஆறுவதற்குள் என் கட்டிலைச் சுற்றி ஒப்பந்தத் தாள்களோடு ஆட்கள் நின்றார்கள். "வக்கீல் சார்" என்று பாய்தான் முதலில் கூப்பிட்டார். அன்று நான் நடந்த மிடுக்கு நடையை நினைத்தால் இன்றும் எனக்கே சிரிப்பு வருகிறது.

இப்போது அந்த முகாம் இல்லை. எங்கள் அறை இருந்த இடத்தில் குழாய்கள் ஓடுகின்றன. சிக்கந்தர் பாய் கடையும் போய்விட்டது. புதிதாக வரும் பையன்களுக்கு, வந்திறங்கிய நாளிலிருந்து எண்ணி, லீவுத் தேதி ஃபோனிலேயே தெரிகிறது. மறைந்துபோனவற்றைக் குறித்துவைத்து வருந்துவது என் பழக்கம். அந்த ஜன்னல் முன் நின்ற வரிசைக்காக மட்டும் நான் வருந்தவே இல்லை.