தேநீர் குறைத்திருக்குமா என்று அக்கா கேட்டார்

இரத்தப் பரிசோதனைத் தாளின் மேல் மூலையில் தேதி இருக்கிறது: போன ஆண்டு மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. இடம், மலேசியாவின் ஈப்போ நகரில் சிலிபின் பக்கம் ஒரு கிளினிக். என் மனைவியின் அண்ணனை அன்று நான்தான் காரில் அழைத்துப் போனேன். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம்.

மறுவாரம் முடிவை வாங்கப் போனோம். டிரைகிளிசரைடு, கெட்ட கொழுப்பு இரண்டுமே எல்லை தாண்டியிருந்தன.

"அன்னிக்கு வெறும் வயித்துலதான் வந்தீங்களா?" என்றார் டாக்டர்.

"ஆமா டாக்டர். ஒரு தே தாரேக் மட்டும்."

டின் பாலும் சீனியும் போட்டு ஆற்றிய அந்தத் தேநீர் அவருக்குச் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேராது. செவ்வாய் விரதத்திலும் குடிப்பார். தோட்டத்தில் விடியுமுன் அதைக் குடித்துவிட்டுத்தான் மரம் வெட்ட, அதாவது ரப்பர்ப் பால் எடுக்க, போவார்கள், பசியாறுவது அதற்கப்புறம்.

தேநீரால் கொஞ்சம் ஏறியிருக்கலாம், ஆனால் இவ்வளவும் அதனால் இருக்காது என்றார் டாக்டர். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு இரண்டு வாரத்தில் மறுபடி வரவேண்டும், அதைப் பார்த்து மாத்திரை. மச்சான் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

"பாத்தியா மச்சான், எல்லாம் தேவோட வேலை லா. அதுதான் கெடுத்துச்சி, அதையே வெச்சி சரி பண்றேன்."

நான் படித்ததைச் சொன்னேன். பாலும் சீனியும் இல்லாத தேநீரைத் தொடர்ந்து குடித்தால் கெட்ட கொழுப்பு சிறிதளவு குறையலாம். எல்லா ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை. மருந்துக்கு அது மாற்றும் இல்லை. அவர் அதிலும் முதல் பாதியை எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து தே ஓ கோசோங், அதாவது வெறும் கறுப்புத் தேநீர்.

"அண்ணே, யாரு மேல கோவம்? மூஞ்சி இப்படிப் போவுது?" என்று தெருவோரத் தேநீர் ஒட்டுக்கடைக்காரர் சீண்டுவார்.

"மருந்து குடிக்கிறேன்டா. பேசாம ஊத்து."

இரண்டு வாரம் ஆனது, இரண்டு மாதம் ஆனது. எப்போது போகலாம் என்று கேட்டால், "இரு மச்சான், கொறையட்டும். நல்ல நம்பரோட போயி டாக்டர் மூஞ்சியப் பாக்கணும்" என்பார். பரீட்சைக்குப் படிப்பவர் மாதிரி. காற்சட்டை தளர்ந்துவிட்டது என்று இடுப்பை இழுத்துக் காட்டுவார். நானும் சிரிப்பேன்.

ஆகஸ்டில் ஒரு காலை, வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மருத்துவமனையில் இரத்தம் எடுத்தார்கள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கருமகிரியை அன்று அவர் மனைவி என்னைச் சமையற்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். அழவில்லை.

"தம்பி, நீங்க நெறைய படிக்கிறவங்க. அஞ்சு மாசமா மூஞ்சியச் சுளிச்சிக்கிட்டே குடிச்சாரு. ஒரு நாளுகூட சீனி கேக்கல. கொஞ்சமாவது கொறைஞ்சிருக்குமா?"

"கொறைஞ்சிருக்கும் அக்கா."

"அப்ப சரி," என்றார்.

இப்போதெல்லாம் யாராவது உடம்பைச் சரிப்படுத்திக்கொண்டு டாக்டரிடம் போகிறேன் என்றால், நான் காரோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றுவிடுகிறேன். நடந்ததைத் தேதியோடு எழுதி வைப்பவன் நான். ஆனால் அன்று அக்காவுக்குச் சொன்ன பதிலை என்னால் எழுதி வைக்க முடியவில்லை. கடைசியாக எடுத்த இரத்தத்தில் கொழுப்பை அளந்தார்களா, அளந்திருந்தால் அது குறைந்திருந்ததா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படாத தகவல்.