விட்பியில் ஒரு பக்கவாசல்

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஒக்டோபர் மாதம், ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்கு மொன்றியல் பஸ் என்னை ரொறன்ரோவில் இறக்கியது. ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர், ஆறரை மணித்தியாலம். ஏரியில் இருந்து எழுந்த பனிப்புகார் கட்டடங்களின் மேற்பாதியை மறைத்திருந்தது. கீழ்ப்பாதிகள் மட்டும் வெளிச்சங்களோடு தெருவில் நின்றன. நகரத்தைக் கட்டத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டதுபோல இருந்தது.

நான் வந்தது ஒருவரைச் சந்திக்க. பெயர் ஐரீன். பார்படோஸ் தீவில் பிறந்த கறுப்பினப் பெண், பெண்ணியவாதி, இங்கே பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார். எழுதிய மூன்று புத்தகங்களும் வீட்டுவேலை செய்ய வந்த கறுப்புப் பெண்களைப் பற்றியவை. புதன்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு அவர் வகுப்பு நடத்துகிறார். என் சித்தியின் மகள் ரீற்றா அந்த வகுப்புக்குப் போகிறவள். அவள்தான் ரெலிபோனில் கூப்பிட்டாள்.

"பிலோமி அக்கா, குவைத்தில வேலை செய்த அக்கா ஒராள் எனக்கு இருக்கிறா எண்டு சொல்லிப்போட்டன். உங்களோட கதைக்க வேணுமாம். வாங்கோ."

குவைத்தில் நான்கு வருடம் இருந்தேன். பாதிச் சம்பளம் வந்தது, ஒரு பல் போனது. பிறகு சைப்பிரஸ், ஜெர்மனி, மொன்றியல். படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. இதில் கதைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஆனாலும் ஓர் இடத்துக்கு வா என்று யாராவது சொன்னால் என் கால் நிற்காது.

ரீற்றாவின் வீடு வார்டன் சப்வேக்குப் பக்கத்தில், பதினாலாம் மாடியில். அவளுடைய கணவர் அன்ரன் அகப்பையோடு கதவைத் திறந்தார்.

"வாங்கோ மச்சாள். உவ வகுப்புக்குப் போகத் தொடங்கினதில இருந்து எங்கட குசினி ஆமியின்ர கட்டுப்பாட்டில. நான்தான் ஆமி. சரணடையிறதெண்டா இப்பவே அடையுங்கோ, புட்டு ஆறுது."

"கறியில உப்புக் கூடினா இந்த ஆமி பொறுப்பெடுக்காது, அக்கா," என்றாள் ரீற்றா உள்ளே இருந்து.

சாப்பிட்டபின் ஐரீனின் முதல் புத்தகத்தைத் தந்தாள். நான் அகராதியோடு ஒரு பக்கம் வாசித்தேன். நிலம் துடைக்கும்போது வாசலில் தொடங்காமல் தூர மூலையில் தொடங்கிப் பின்னோக்கி வருவதைப் பற்றி அந்தப் பக்கம் முழுவதும் எழுதியிருந்தார். அதை ஒரு நாட்டின் சரித்திரமாக எழுதியிருந்தார். நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே பார்த்தேன். புகார் பதினாலாம் மாடிவரை ஏறியிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஒன்றும் இல்லை.

ஐரீனின் கதையை அப்போது ரீற்றா சொன்னாள். ஐம்பதுகளில் கனடா அந்தத் தீவுகளில் இருந்து வீட்டுவேலைக்குப் பெண்களை எடுத்தது. கலியாணம் கட்டாத, பிள்ளை இல்லாத பெண்களை மட்டும். ஐரீனின் தாய் தனக்குப் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். ஐரீனுக்கு அப்போது நாலு வயது. பதின்மூன்று வயதில் தாயிடம் வந்துசேர்ந்தார், அதுவும் தாயின் அண்ணன் மகள் என்ற பெயரில். இடையில் போன ஒன்பது வருடத்தைப் பற்றித் தாய் வாய் திறந்ததேயில்லை. திறக்காமலே இறந்துபோனார்.

"உவ எத்தினை புத்தகம் எழுதினாலும் உள்ளுக்க ஒரு கேள்விதான், அக்கா," என்றாள் ரீற்றா. "என்னை இல்லை எண்டு சொல்லிப்போட்டு வந்த மனுசி, என்னை ஒருநாளாவது நினைச்சவவோ எண்டு."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு யூனியன் ஸ்ரேஷனில் ஐரீனைச் சந்தித்தேன். உயரமானவர், ஒட்ட வெட்டிய நரைத்த தலை, தோளில் ஒலிப்பதிவுக் கருவி வைத்த பை. எங்கள் பேச்சு இங்கிலீஷில் நடந்தது. எனக்குத் தெரிந்தது வீட்டுவேலை இங்கிலீஷ். விளங்கியதை எங்கள் ஊர்த் தமிழில் எழுதுகிறேன்.

"எனக்கு இண்டைக்கு விட்பிக்குப் போக வேணும்," என்றார். "அங்க டொரீன் எண்டு ஒராள். என்ர அம்மாவோட ஒரே பிளேனில வந்தவ. ரெண்டு தரம் போனன். தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டிட்டா. இது மூண்டாந்தரம். நீங்களும் வாங்கோ, ரெயினில கதைப்பம். ரெயினில ஆளை ஆள் பாக்கத் தேவையில்லை. ரெண்டு பேரும் யன்னலைப் பாக்கலாம்."

பிக்கரிங் வரை ரயில், அங்கிருந்து பஸ். ஸ்காபரோவைக் கடந்ததும் தண்டவாளம் ஏரிக் கரைக்கு இறங்குகிறது. ஜன்னலின் கீழ்விளிம்பில் தண்ணீர் தொடங்கியது, எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. சாம்பல் நிறத்துக்குள் ரயில் மிதந்து போனது. நான் எங்கள் ஊர் மன்னார்க் கடலை நினைக்கவில்லை. குவைத் வீட்டின் குளிர்சாதன அறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐரீன் கருவியை வெளியே எடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்த வீட்டுக்குள்ள நீங்கள் எந்த வாசலால போறனீங்கள்?"

"குசினி வாசலால. முன்வாசலைத் துடைக்கிறது நான். நடக்கிறது ஆக்கள்."

அவர் தலையாட்டினார். தன் தாய் இந்த நகரத்தில் ஒரு வீட்டுக்குள் இருபது வருடம் பக்கவாசலால் போனார் என்றும், அதனால் தான் எந்த வீட்டுக்குப் போனாலும் முன்வாசலில்தான் மணி அடிப்பதாகவும் சொன்னார். "அது என்ர நேர்த்திக்கடன்," என்றார்.

விட்பியில் பஸ்ஸை விட்டு இறங்கி இருபத்தைந்து நிமிடம் நடந்தோம். எல்லாம் புதிய வீடுகள். ஒரே நிறம், ஒரே கூரை, மரமே இல்லை. சில தெருக்களுக்கு நடைபாதை இன்னும் போடவில்லை. புகாருக்குள் அதே வீடு திரும்பத் திரும்ப வந்தது. நடக்கிறோமா நிற்கிறோமா என்று சந்தேகமாக இருந்தது. டொரீன் இருந்தது மகன் வாங்கிய வீட்டில். இலக்கத்தைக் கண்டுபிடித்ததும் ஐரீன் முன்வாசலுக்கு ஏறினார். நான் அவரோடு போகவில்லை. வீட்டின் பக்கத்தால் ஒரு சீமெந்துப் பாதை போனது. என் கால் அந்தப் பாதையில் திரும்பிவிட்டது. நான் நின்றபோது பக்கவாசலின் முன்னால் நின்றேன்.

முன்னால் மணி அடித்தது. பக்கக் கதவு திறந்தது. கையில் கத்தியோடு ஒரு வயதான பெண். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வீடுகளில வேலை செய்தனியோ?"

"ஓம்."

"எத்தினை வருசம்?"

"ஒம்பது."

"உள்ள வந்து கையைக் கழுவு."

மணி மறுபடி அடித்தது. "அடிக்கட்டும்," என்றார். "முன்வாசலால வாறது ரெண்டு பேர்தான். ஒருத்தன் சாமான் விக்கிறவன். மற்றது புத்தகம் எழுதுறவள்."

"அவவோடதான் அன்ரி நான் வந்தனான்."

"அப்ப அவளையும் இந்தப் பக்கத்தால வரச்சொல்லு. வந்தா இருக்கலாம். வராட்டி மணி அடிச்சுக்கொண்டு நிக்கலாம்."

நான் சுற்றிப் போய்ச் சொன்னேன். ஐரீனின் விரல் மணியில் இருந்தது. கதவைப் பார்த்தார். அந்தக் கதவுக்குக் கிறிஸ்மஸ் வளையம் தொங்கவிட ஒரு ஆணி அப்போதே அடித்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு படியிறங்கி, ஈரப்புல்லுக்கு மேலால், என் பின்னால் வந்தார்.

குசினி மேசையில் முந்திரிகை வற்றலும் செரிப்பழமும் குவிந்திருந்தன. கிறிஸ்மஸ் கேக்குக்குப் பழம் வெட்டி, இரண்டு மாதம் றம்மில் ஊறவைப்பது அவர்கள் வழக்கம். எங்கள் வீட்டிலும் நத்தார் கேக்குக்கு இப்படித்தான் சுற்றியிருந்து பழம் வெட்டுவோம். டொரீன் ஆளுக்கொரு கத்தி தந்தார். ஐரீன் கருவியை எடுக்கப் பையைத் திறந்தார்.

"உந்தப் பெட்டி பழம் வெட்டுமோ?"

"இல்லை, அன்ரி."

"அப்ப உது பைக்குள்ள கிடக்கட்டும்."

கனநேரம் வெட்டினோம். மூன்று கத்திகளின் சத்தம் மட்டும். டொரீன் தன் பலகையில் இருந்து தலையை நிமிர்த்தாமலே தொடங்கினார்.

"கொம்மா வேலை செய்த வீட்டில ஒரு பெட்டை இருந்தது. உன்ர வயசு. ஒவ்வொரு வருசமும் உன்ர பிறந்தநாள் வரமுன்னம் அதைச் சுவரோட நிக்கவைச்சு நூலால அளப்பா. அந்தப் பிள்ளை விளையாட்டெண்டு நினைச்சுச் சிரிக்கும். அந்த அளவுக்குத்தான் உனக்குச் சட்டை தைச்சு அனுப்புவா."

ஐரீனின் கத்தி நின்றது. "எனக்கு எப்பவும் தோள் பெரிசாயிருக்கும்," என்றார் மெல்ல.

"இருக்கும். அது நல்லாத் தின்டு வளந்த பிள்ளை. கொம்மாவுக்குத் தெரியாதே? நான் சொன்னனான், தோளில ரெண்டு விரல் குறைச்சு வெட்டடி எண்டு. மாட்டன் எண்டிட்டா. குறைச்சு வெட்டினா நீ அங்க மெலிஞ்சு போனாய் எண்டு தானே ஒத்துக்கொண்டதாப் போயிடுமாம்."

ஐரீன் எழுந்து, பீலியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். தண்ணீர் ஓடியது. ஜன்னலில் வெள்ளைப் புகார் நெருங்கி நின்றது. டொரீன் என்னைப் பார்த்து, வெட்டு என்று கத்தியால் காட்டினார். வெட்டினேன்.

அவர் திரும்பி வந்து இருந்ததும் டொரீன் சொன்னார்: "உதைப் புத்தகத்தில போடாதை, பிள்ளை. என்ர சேர்ச்சில எல்லாரும் உன்ர புத்தகம் வாசிக்கினம். பிள்ளையை மறைச்சவள் எண்டு அவையள் கொம்மாவைக் கதைக்கக் கூடாது. அதுக்குத்தான் உன்னை ரெண்டு தரமும் திருப்பி அனுப்பினனான்."

ஐரீன் மேசையைப் பார்த்தார். இத்தனை வருடம் தேடியது அந்தப் பழங்களுக்குள் கிடந்தது. "சரி, அன்ரி," என்றார். "போடமாட்டன்."

டொரீன் என் பக்கம் திரும்பினார். "நீ எழுதுவியோ?"

"பயணம் போனால் எங்கட பேப்பருக்கு எழுதிப் போடுவன்."

"என்ன பாஷை?"

"தமிழ்."

"உதை வாசிக்கிற சனம் என்ர சேர்ச்சில ஒண்டுமில்லை. நீ எழுது. எங்கயாவது ஒரு இடத்தில இருக்கத்தானே வேணும்."

ஐரீன் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

பக்கவாசலாலேயே வெளியே வந்தோம். திரும்பும் ரயிலில் ஏரி வலப்பக்கத்தில் இருந்து இடப்பக்கத்துக்கு மாறியிருந்தது. ஐரீன் ஜன்னல் பக்கத்தில் இருந்தார். பிறகு பையில் இருந்து, ஒன்றும் பதியாத ஒலிநாடாவை எடுத்தார். அதன் வெள்ளைத் தாளில் தாயின் பெயரை என் தமிழ் எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன்: யூனிஸ். எந்த எழுத்து எந்த ஓசை என்று கேட்டு, விரலால் தடவிப் பார்த்தார். நாடாவைப் பைக்குள் வைக்கவில்லை, கோட்டின் உள்பொக்கற்றில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மொன்றியல் பஸ் ஏறினேன். புகார் அன்றைக்கும் இருந்தது. நகரம் கீழ்ப்பாதியாகவே நின்று பின்னால் போனது. மொன்றியலில் திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகும் வீட்டுக்கும் ஒரு பக்கவாசல் உண்டு. சாவி தந்திருக்கிறார்கள், அந்தக் கதவின் சாவி மட்டும்.

டொரீன் கேட்டபடி எழுதிவிட்டேன். பேப்பர் வந்ததும் ரீற்றா ஒன்றை ஐரீனிடம் கொடுப்பாள். அவர் மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டு போவார். இதில் அவருக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே ஒரு சொல் இருக்கிறது. தேடச் சிரமமில்லாமல் கடைசியில் வைக்கிறேன்.

யூனிஸ்.